பஸ் ஸ்டாண்டு பிளக்ஸில் ஒரு திருத்தம்

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அம்மா எழுதுவது. உசிலம்பட்டியில் நாங்கள் எல்லாரும் சுகம், சினைமாடும் சுகம், உன் சுகம்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் அதட்டிவிடுகிறேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். உன் அண்ணன் ராம்கி இதைப் படம் பிடித்து அனுப்புவான். அவன் மகள் காதுகுத்துக்கு வரமாட்டேன் என்றாயாமே, பஸ் ஸ்டாண்டில் மாமா வைத்த பிளக்ஸைத் தாண்டி எப்படி வருவேன் என்று கேட்டாயாமே. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ சொன்னது எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன், தப்பென்றால் சிரித்துக்கொள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு கோடு ஓடுகிறது. ஒரு சுற்று முடிந்து கிளம்பிய இடத்துக்கே வந்தால் ஒரு வகை. மயிரிழை விலகி வந்தாலும் சுற்றச் சுற்ற உள்ளே போய்விடும், இல்லை வெளியே போய்விடும், அது வேறு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியுமாம். சமன்பாட்டிலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கணக்கிட்டு எல்லாம் பூஜ்யமா என்று பார்க்க வேண்டும், எல்லாம் பூஜ்யமானால்தான் முதல் வகை, எத்தனை பார்த்தால் போதும் என்பதுதான் பெரிய தலைவலி என்றாய். ஒரு வகைச் சமன்பாட்டுக்கு இத்தனை போதும் என்று நீ நிரூபித்ததும் கட்டுரை வந்தது. அதைத்தான் உன் மாமா பால்பாண்டி நூறு வருஷக் கணக்கை முடித்த எங்கள் தங்கமே என்று அடித்து வைத்தான். நீ இருக்கும் ஸ்லோவேனியா என்றால் எவனுக்குத் தெரியும் என்று லண்டன் என்று வேறு போட்டுவிட்டான்.

இப்போது, போதும் என்று நீ நிறுத்திய இடத்துக்கு அடுத்த எண் பூஜ்யம் இல்லை, நிரூபித்தது தப்பு என்று நீயே கண்டுபிடித்து, கட்டுரையை நீயே திரும்ப வாங்கிக்கொண்டாய். யாரும் பார்க்கலேன்னா விட்டிருக்கலாம்ல என்று உன் அப்பா முனகினார். பேசாம காப்பியக் குடிங்க என்றேன். கட்டுரை வந்தபோது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் இப்போது படும் பெருமையை அன்று படவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மாமாவிடம் சொல்லத்தான் பயந்தேன். அவன் கொஞ்சநேரம் தாடையைத் தடவிவிட்டு, கண்டுபிடிச்சதும் எம் மருமக, அது தப்புன்னு கண்டுபிடிச்சதும் எம் மருமக, ஊடால எந்தப் பயலும் வரலேல்ல என்றான். பிளக்ஸைக் கழற்றப் போகிறான் என்று நினைத்தேன். கழற்றவில்லை. கீழே ஒரு பட்டை ஒட்டிவிட்டு வந்திருக்கிறான், கணக்கு இன்னும் முடியவில்லை, மருமகள் போட்டுக்கொண்டிருக்கிறார், இப்படிக்கு தாய்மாமன் என்று. லண்டனை மட்டும் மாற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை அதன் அடியில் டவுன் பஸ்ஸுக்கு நின்றேன். காலேஜ் பிள்ளை ஒருத்தி என்னை உன் அம்மா என்று தெரியாமல், முடிக்காததுக்கு எதுக்குக்கா பிளக்ஸு என்று கேட்டாள். முடியலேன்னு அவளே சொன்னாள்ல, அதுக்குத்தான் என்றேன். அந்தப் பிள்ளை திரும்ப அண்ணாந்து உன் முகத்தைப் பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

குலதெய்வம் உன் கூடவே நிற்கும். குளிரில் தலைக்கு ஊற்றாதே, கணக்குப் போடும் சாக்கில் பட்டினி கிடக்காதே. டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். மதுரை ஏர்போர்ட்டுக்கு மாமா இன்னொரு பிளக்ஸோடு வராமல் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் உறுதி சொல்ல முடியாது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா பாண்டீஸ்வரி