மாப்பிள்ளை சிரித்த படம்

ஆடி மாதம், ஞாயிறு இரவு.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையை இன்று நான் பாதி இலையில் எழுப்பிவிட்டேன். வடக்கே போர்வெல் லாரியில் வேலை பார்த்துவிட்டு பல மாதம் கழித்து வந்தவர். ஆடி விருந்துக்கு நான்தான் அழைத்தேன்.

டிவியில் என் நடிகரின் படம் ஓடியது. அவர் வயதான காலத்தில் நடித்தது. எங்கள் ரசிகர் மன்றத்தில் யாரும் அதன் பேச்சையே எடுக்க மாட்டோம். அதில் அவர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கல்லூரி மாணவராக ஓடி வந்தார்.

"ஏனுங்க மாமா, காலேஜ் பையனுக்கு இத்தனை தொப்பைங்களா?" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

"சிரிக்கோணும்னா உங்க ஊட்டுல போய்ச் சிரிங்க" என்றேன்.

அவர் இலையை மூடிவிட்டுக் கை கழுவினார். மகள் பையை எடுத்துக்கொண்டாள். "அந்த நடிகரையே கூப்பிட்டு உக்கார வெச்சுப் பரிமாறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவரோடு வண்டியில் ஏறினாள். என் மனைவி அதன் பிறகு என்னிடம் பேசவில்லை.

அந்தக் காட்சியில் எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டுதான் வந்தது. நான் அடக்கிக்கொண்டேன், அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். அதற்காக வீட்டுக்கு வந்தவரைப் பசியோடு அனுப்பியிருக்கிறேன்.

காலை முதல் பஸ்ஸில் நான் மாப்பிள்ளை ஊரான திருச்செங்கோட்டுக்குப் போக வேண்டும். மகளைத் தூது விடாமல் நானே மாப்பிள்ளையிடம் பேச வேண்டும். கோபம் தீராவிட்டாலும் என் மனைவி கறிக்குழம்பைத் தூக்குப்போசியில் ஊற்றித் தர வேண்டும். அந்தப் படம் மோசம் என்று நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒரு படம்தான் மோசம் என்று மாப்பிள்ளை ஒப்புக்கொள்ள வேண்டும்.