விடைக்குறிப்பின் பின்பக்கம்

என் வருங்கால நர்ஸம்மாவுக்கு,

உன் அக்கா வீட்டில் நிம்மதியாகப் படிக்க முடிகிறதா? இங்கே நீ படிக்கிற அறையின் மின்விசிறி இப்போது கிறீச்சிடுவதில்லை. எண்ணெய் விட்டேன். நீ கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு அதெல்லாம் தோன்றுகிறது.

உன் மாதிரித் தேர்வுத் தாளை மறுபடி திருத்தினேன். சிரிக்காதே. விடைக்குறிப்புக்குப் பின்பக்கமும் உண்டு என்று நேற்றுதான் பார்த்தேன். சொந்த நடையில் எழுதினாலும் கருத்து சரியென்றால் முழு மதிப்பெண் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நானோ வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட்டுப் பத்துக்கு நாலு போட்டு, உன் தம்பி எதிரிலேயே, "உனக்கெல்லாம் எதுக்குப் பரீட்சை? பேசாம வீட்டைப் பாரு" என்று சொல்லித் தொலைத்தேன்.

உண்மையில் உனக்கு எட்டு. கட்டுப் போடுமுன் கையைக் கழுவ வேண்டும் என்று எழுதிய நீ, ஏன் என்று எழுதவில்லை. காரணத்துக்குத்தான் அந்த இரண்டு மதிப்பெண். பரீட்சையில் விட்டுவிடாதே.

நானும் அதைத்தான் விட்டேன். போனில், "தப்புதான், மன்னிச்சுக்கோ" என்றேன். நீ "ம்" என்று சொல்லி வைத்துவிட்டாய். இதோ காரணம்: நீ பாஸாகி வெள்ளை யூனிபார்மில் நின்றால், பட்டறைக் கிரீஸோடு நான் எப்படி உன் புருஷனென்று பக்கத்தில் நிற்பது என்று பயந்தேன்.

இதற்கு எத்தனை போடுவாயோ, போடு. பரீட்சையன்று வாசல்வரை கொண்டுவிட வருகிறேன், சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு.

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த அதே
கஞ்ச வாத்தியார்