கயிற்று நுனியில் முடிச்சு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? இங்கே நாங்களும் சுகம், நீ தைத்த படகுப் பாயும் சுகம்!

நீ கிளம்பிய மறுநாளே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் வலி என்று வந்தவர்களை எல்லாம் அவசர அவசரமாக அனுப்பிவிட்டு, கிளினிக்கைப் பூட்டி, "வா வா, உங்க அக்கா தைச்சத ஏத்திப் பாத்துடலாம்" என்று என்னைப் படகுத்துறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அடேயப்பா, ஸ்பின்னக்கர் என்கிற இந்த முன்பாய்க்கு என்ன சீர், என்ன செல்லம்! நீளவாக்கில் சுருட்டி, இடைவெளி விட்டுவிட்டுக் கம்பளி நூலால் கட்டி, பாய்மரத்தின் உச்சிவரை ஏற்றுகிறோம். அப்புறம் கீழிருந்து கயிற்றைச் சுண்டினால் நூல் பட்பட்டென்று அறுந்துகொண்டே போகிறது. ஒரே மூச்சில் சிவப்பும் மஞ்சளுமாகப் படகைவிடப் பெரிய பலூன்! நான் கத்திவிட்டேன். நம் வீட்டு மெஷினிலிருந்தா இது வந்தது?

ஒரு மூலையை நீளக் கழியில் மாட்டி அவர் வெளியே தள்ளி வைத்துவிடுவார். மறுமூலையின் கயிறு கப்பி வழியாகப் பின்னால் என் கைக்கு வரும். என் வேலை அது ஒன்றுதான். காற்று கைமீறினால் "விடு!" என்பார், நான் விட்டுவிட வேண்டும். கயிறு முழுக்க ஓடிப்போய், பாய் காற்றைக் கொட்டிவிட்டுக் கொடி மாதிரி படபடக்குமாம். "பயத்துல நீ பாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டு நின்னே, ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளதான்" என்று மிரட்டுகிறார். அன்று காற்று சாதுவாக இருந்ததால் அதற்கு வேலை வரவில்லை. ஆனால் நான் எதைச் சட்டென்று விட்டிருக்கிறேன், நீயே சொல். சின்ன வயதில் உன் பின்னலைப் பிடித்தால் விடுவேனா?

உன் செல்ல
வாலு

*

மார்ச் 11

என் வாலுக்கு அக்காவின் ஆசிகள்.

கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்களெல்லாம் பாயைப் பற்றி விசாரிக்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது, போ. முதுகுவலி மட்டும் இன்னும் போகவில்லை. ஒரு ஃபோட்டோ அனுப்ப உங்களுக்குக் கை வரவில்லையே!

கயிறு முழுக்க ஓடிவிடும் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்துக் கவலைப்படாதே. கடைசி நாள் நீ கடைக்குப் போயிருந்தபோது அந்தப் பாயின் இரண்டு கயிற்றையும் பார்த்தேன். நுனி மொட்டையாக இருந்தது. எனக்குப் பொறுக்குமா? நுனிக்கொரு முடிச்சுப் போட்டு, பிரியாமல் இருக்க மேலே நூலால் தைத்தும் விட்டேன். இனிமேல் கை நழுவினாலும் கயிறு கடலோடு போகாது.

மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "என்னக்கா, கடல்லயும் முடிச்சா?" என்று சிரித்தார். "நுனியில முடிச்சுப் போடாம நான் ஊசியத் தொட்டதே இல்லை மாப்பிள்ளை" என்றேன். "சரி, இருக்கட்டும்" என்றார். தங்கமான மனிதர். அவரை ரொம்பப் படுத்தாதே.

அக்கா

*

மார்ச் 14

அக்கா,

உன் பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்க முடியவில்லை. கை எரிகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். எழுதும்போதே எனக்கு நம்ப முடியவில்லை.

நேற்று முன்தினம் பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு காற்று, எங்கிருந்து வந்ததோ. படகு அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "விடு! விடு!" என்று கத்தினார். விட்டேன் அக்கா. விட்டேன் என்றுதான் நினைத்தேன். கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. பிறகு நின்றுவிட்டது. பாய் மறுபடியும் உப்பி, படகை இன்னும் கீழே அழுத்தியது. அவர் சுக்கானை விட்டுவிட்டு, மறுபக்கக் கயிற்றைத் தளர்த்தப் பாய்ந்தார். இரும்பு உருளையில் சுற்றியிருந்த அந்தக் கயிறு ஒரு சுண்டு சுண்டி அவர் கையை உள்ளே இழுத்தது. அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மீன்பிடிப் படகு ஒன்று வந்து, பாயை இறக்கி, எங்களைக் கரை சேர்த்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நீ விடலை." அதற்கப்புறம் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விட்டிருந்தால் கயிறு முழுக்க ஓடியிருக்கும். நின்றது என்றால் நான்தானே பிடித்திருக்க வேண்டும்? என் கையை நானே நம்ப முடியவில்லை. பல் டாக்டருக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? வீட்டில் கத்தியை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறேன். நான் அவரைப் பாழாக்கிவிட்டேன் அக்கா.

வாலு

*

மார்ச் 23

அக்கா,

உன் மார்ச் 11 கடிதம் இன்று வந்தது. நின்றபடியே இரண்டு தடவை படித்தேன்.

பிறகு படகுத்துறைக்கு ஓடினேன். அன்றைக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. பாய் ஈரத்தோடு மூட்டையாகக் கிடந்தது. என் பக்கத்துக் கப்பியில் அந்த முடிச்சு இறுகி நிற்கிறது. ஆணி அடித்த மாதிரி. மேலே வெள்ளை நூல், உன் தையல். கயிறு கடைசிவரை ஓடியிருக்கிறது அக்கா. நான் விட்டிருக்கிறேன்! அங்கேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

துறையில் இருந்த படகோட்டி ஒருவர் சொன்னார்: மற்றக் கயிறுகளுக்கெல்லாம் முடிச்சு உண்டு. இந்தப் பாயின் கயிற்றுக்கு மட்டும் கூடவே கூடாது, கப்பியை விட்டு முழுக்கக் கழன்று ஓட வேண்டும். உனக்கு அது தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது. அவருக்குத் தெரியும்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். "அக்கா முடிச்சுப் போட்டத நீங்க பாத்தீங்களா?"

கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு, "பாத்தேன். ஆசையா போட்டாங்க, அவங்க முன்னாடியே அவுக்க மனசு வரல. போனப்புறம் அவுத்துக்கலாம்னு இருந்தேன். மறந்துட்டேன்" என்றார்.

"அப்ப ஏன் நான் விடலைன்னு சொன்னீங்க?"

"உங்கக்காவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. நீ தாங்குவே. இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல, நீ பிடிச்சதாவே இருக்கட்டும்."

விரல் போனவரைப் பார்த்துக் கோபப்படலாமா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் தலையில் கட்டிவிட்டாரே! இத்தனை நாள் நான் என் கையையே வெறுத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

உன்னிடம் மறைக்க என்னால் முடியாது. உன்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை, சத்தியமாக. ஆனால் அவரோடு இனி எப்படி ஒரே வீட்டில் இருப்பது?

வாலு

*

மார்ச் 28

வாலு,

இன்று தபாலில் மூன்று கடிதங்கள் வந்தன. இரண்டு உன்னுடையவை, உன் 14ஆம் தேதிக் கடிதமும் இன்றுதான் வந்தது. இன்னொன்று மாப்பிள்ளையுடையது. இடது கையால் எழுதியிருக்கிறார், குழந்தை கிறுக்கின மாதிரி. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அக்கா, அவள் பயத்தில் கயிற்றை விடவில்லை. பாவம், அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். நான் மன்னித்துவிட்டேன்."

தேதியைப் பார்த்தேன். மார்ச் 24. நீ அவரிடம் கேட்ட மறுநாள்.

எல்லாவற்றையும் தையல் மேசைமேல் வைத்துத் தேதி வாரியாகத் திரும்பப் படித்தேன். வந்தவர்களை அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினேன். முடிச்சை நான் போட்டேன். அவர் விரல் போனதை நினைத்தால் மனசு ஆறவில்லை. சாகும்வரை ஆறாது. நான் தாங்குவேனா மாட்டேனா என்று என்னைக் கேட்டிருக்கலாம். நான் தாங்குவேன். என் தங்கச்சி தலையில் அதைக் கட்டியதைத்தான் தாங்க முடியவில்லை. மன்னித்துவிட்டாராமே!

இதை அவசரத் தபாலில் போடுகிறேன், மூன்றாம் நாள் காலை வண்டியில் கிளம்புகிறேன். அவருடைய கடிதமும் என்னோடு வரும். முதலில் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பேன். அது நான் பட்ட கடன். அப்புறம் நீயும் நானும் எதிரே உட்காருவோம், அந்தக் கடிதத்தை அவர் வாய்விட்டு வாசிக்கட்டும். நடுவில் குரல் தடுமாறினால் நான் ஒரு மாதம் தங்கி உங்கள் இரண்டு பேருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன். தடுமாறாமல் வாசித்து முடித்தால், நீ என்னோடு வருகிறாய். இங்கே கடையில் கிடக்கும் உன் பழைய மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டேன்.

அக்கா

அந்த முடிச்சுகளில் நீ கை வைக்காதே. கத்தரிக்கோல் கொண்டு வருகிறேன், நானே வெட்டுகிறேன்.