வியாழன் வரை கோதுமை

பிரியா, டாலிகஞ்ச் பாங்குக்குப் போகிறேன். மதியம் வந்துவிடுவேன்.

உன் ரத்தப் பரிசோதனை பற்றி நேற்று கீழ்வீட்டு சர்மிஷ்டா மாஷி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "கீ தாதா, பொண்ணு உங்ககிட்ட சொல்லவே இல்லையா?" என்று படிக்கட்டில் நிறுத்தி, வங்காளத்தில் அண்ணன் முறை வைத்துக் கேட்டார். ஹீமோகுளோபின் எட்டரை, ஏதோ ஆன்டிபாடி பத்து மடங்கு, ஆறு மாதமாக வயிற்றுப்போக்கு, எல்லாம் அந்த அம்மாளுக்கு மனப்பாடம். டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவர்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ ஏன் மறைத்தாய் என்று தெரியும். அம்மாவின் வயிற்றுவலியை வாயு என்று சொல்லி இரண்டு வருஷம் ஓமத்தண்ணீர் கொடுத்தவன் நான். அவள் ரிப்போர்ட்டைப் படிக்காமலே பீரோவில் வைத்தேன். கேன்சர் என்று தெரிந்தபோது மூன்று மாதம்தான் மிச்சம் இருந்தது.

உன் ஃபைலை எடுத்து இரண்டு தடவை படித்தேன், கோபிக்காதே. கோதுமை ஒத்துக்கொள்ளாத நோயாக இருக்கலாம், ஆனால் வியாழக்கிழமை எண்டாஸ்கோபி முடியும்வரை தினமும் கோதுமை சாப்பிட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நிறுத்தினால் சோதனையில் தெரியாமல் போய்விடுமாம். நம் வீட்டில் மூன்று வேளையும் அரிசி. காலையில் சப்பாத்தி போட்டுப் பார்த்தேன். அதைத் தொடாதே, பல் போய்விடும்.

கீழே போய் மாஷி வீட்டு லூச்சியைச் சாப்பிடு. அந்த மைதா பூரியும் கோதுமைதான். பிரமாதமாக இருந்தது என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதே.

இன்னொன்று: ஆஸ்பத்திரி படிவத்தில் கூட வருபவர் பெயர் கேட்பார்கள். என் பெயரை எழுது.

அப்பா