கப்பல் மூழ்கிய தேதி

2025 ஜூலை 23, புதன்

கால் வலி. மழை விடவில்லை. ஜூ டவுன் தெருவில் நான் இருக்கும் கடைக்கு இன்று ஆளே வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்திருக்கலாம். தாத்தா போன சரக்குக் கப்பலின் பெயரைப் போனில் போட்டுத் தேடினேன். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அதன் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. அப்பா அப்போது பிறக்கவில்லை. கப்பலின் கதை முழுவதும் கிடைத்தது. எங்கே கட்டினார்கள், என்ன ஏற்றினார்கள், எந்தத் தேதியில் குண்டு பட்டு மூழ்கியது, எல்லாம்.

வீட்டுக்கு வந்து சாயா கொடுக்கும்போது சொன்னேன். "தேதி தெரிஞ்சு போச்சுப்பா. நாளைக்கு ஆடி அமாவாசை. உங்கம்மாவுக்குச் செய்யறப்போ தாத்தாவுக்கும் எள்ளும் தண்ணியும் விட்டுடுங்க."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"வேண்டாம் மோளே. அவர் வருவார்னு அம்மா கடைசி வரைக்கும் பொட்டை அழிக்கலை. பூவும் பொட்டுமாத்தான் அவளைக் கொண்டு போனோம். இப்போ நான் எள்ளு விட்டா, அவ தாலியை அறுத்தது நான்னு ஆயிடும்."

எனக்கு வாதாடத் தெம்பில்லை. நல்லது என்று நினைத்துத்தான் தேடினேன்.

படுத்த பிறகு, கட்டிலிலிருந்து கேட்டார். "அது பகலா, ராத்திரியா?"

"ராத்திரிப்பா."

"அப்போ தூங்கிட்டிருந்திருப்பார். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"ஆமாப்பா" என்றேன்.

குண்டு துளைத்தது கொதிகலன் அறையை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் படகில் ஏறித் தப்பிவிட்டார்கள்.