ஜெபமாலைக்கு இரண்டு குரல்

ராயபுரம், சென்னை
14 அக்டோபர் 2024

அன்புள்ள விண்ணரசி அக்காவுக்கு,

தம்பி ரெமிஜியஸ் எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் என்றாயே, நின்றதா? பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த தலைமை சிஸ்டர் இன்னும் உன்னை முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாரா?

போனில் நான் கத்துகிறேன் என்று நீ எடுப்பதில்லை. சரி, பேப்பர் கத்தாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

சான்ட்ரா வீட்டை விட்டுப் போய்விட்டாள். நான் ஆபீசில் இருந்தபோது போயிருக்கிறாள். நகையைத் தொடவில்லை, சர்டிபிகேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். நகையை விட்டுவிட்டுப் போகிற பெண் யாரையோ நம்பித்தானே போயிருக்க வேண்டும்? காரைக்காலில் அவள் அம்மா வீட்டுக்கு நேரிலேயே போய்ப் பார்த்தேன், இல்லை. அவளோடு லேபில் வேலை பார்த்த பர்வினைக் கேட்டால், தெரியாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள்.

உனக்கும் அவளுக்கும் எப்போதும் ஒட்டுறவு அதிகம். அங்கே வந்தாளா? எந்த பஸ்ஸில் வந்தாள், யார் கொண்டுவந்து விட்டார்கள்? ஒளிக்காமல் எழுது.

உன் அன்புத் தம்பி,
ரெமிஜியஸ்

குடவாசல்
21 அக்டோபர் 2024

அன்புத் தம்பி ரெமிஜியசுக்கு,

அக்காவின் ஆசி. உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அதன் பாட்டுக்கு இருக்கிறது. கன்று தேறித் துள்ளுகிறது. தலைமை சிஸ்டர் முறைப்பதை நிறுத்தவில்லை, நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். நம் அரை ஏக்கரில் நடவு முடிந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது.

சான்ட்ரா இங்கே வரவில்லை. இந்த வீட்டில் நானும் கன்றும்தான். எங்கே போனாள், யாரோடு போனாள் என்று இவ்வளவு எழுதியிருக்கிறாய். ஏன் போனாள் என்று ஒரு வரி இல்லையே அப்பா? உங்களுக்குள் என்னடா நடந்தது?

நேரத்துக்குச் சாப்பிடு. கடையில் வாங்கித் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன் அக்கா,
விண்ணரசி

ராயபுரம்
30 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் உனக்குப் பொய் சொல்ல வரவில்லை.

பக்கத்து வீட்டு இருதயசாமி மாமா போன் செய்தார். வயலில் மடையைப் பார்த்துவிட்டுப் பொழுதடைந்து உன் வாசல் வழியாக வந்திருக்கிறார். உள்ளே ஜெபமாலை நடந்துகொண்டிருந்ததாம். நீ தனி ஆளான நாளிலிருந்து முன்பாதியையும் பின்பாதியையும் நீயேதான் சொல்வாய், ஊருக்கே தெரியும். இப்போது 'அருள் நிறைந்த மரியே' என்று ஒரு குரல் தொடங்குகிறது, 'புனித மரியே' என்று இன்னொரு குரல் வாங்கிக்கொள்கிறது. "ரெண்டு குரல் கேட்டுச்சுப்பா, யாரு வந்துருக்காங்க?" என்று என்னையே கேட்கிறார். எனக்கு எப்படி இருக்கும்?

வக்கீல் ராகவேந்திராவிடம் பேசினேன். ஓடிப்போனவளுக்கு இடம் கொடுத்து மறைத்து வைப்பதற்குச் சட்டத்தில் 'ஹார்பர்' என்றே ஒரு வார்த்தை இருக்கிறதாம். நோட்டீஸ் அனுப்பலாமா என்றார். என் அக்கா என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ரெமிஜியஸ்

குடவாசல்
6 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

அக்டோபர் ஜெபமாலை மாதம் என்பதை மறந்துவிட்டாயா? டிவியில் தினமும் போடுகிறார்கள். நான் தொடங்குகிறேன், அது முடிக்கிறது. இருதயசாமி மாமாவுக்குக் காது கூர்மை, அதற்கு நான் என்ன செய்ய?

இங்கிலீஷ் டீச்சருக்கே நீ ஒரு இங்கிலீஷ் வார்த்தை அனுப்பியிருக்கிறாய். நீ வேலை பார்ப்பதே ஹார்பரில். புயல் நேரத்தில் ஒரு கப்பல் வந்தால் உள்ளே விடுகிறீர்களா, எதற்கு வந்தாய் என்று வாசலில் நிறுத்தி விசாரிக்கிறீர்களா? உன் வக்கீல் சொன்னது குற்றவாளியை ஒளித்து வைப்பதற்கு. சான்ட்ரா என்ன குற்றம் செய்தாள், சொல். அந்த வார்த்தைக்கு மூன்றாவதாக ஒரு உபயோகமும் உண்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மனதுக்குள் ஒரு சந்தேகத்தைக் குடிவைத்துச் சோறு போட்டு வளர்ப்பதற்கும் அதே வார்த்தைதான். கப்பலாவது புயல் நின்றால் கிளம்பிவிடும். நீ குடிவைத்தது கிளம்பவே இல்லை.

கட்டின மனைவியை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு ஆபீசுக்குப் போகிறவனுக்கு எந்த வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது? அதையும் கேட்டு எழுது.

விண்ணரசி

ராயபுரம்
11 நவம்பர் 2024

அக்கா,

பூட்டு விஷயம் உனக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தவர்கள் ரெண்டே பேர், நானும் அவளும். மாட்டிக்கொண்டாய் அல்லவா?

டிவியாம். மாமாவிடம் திரும்பவும் கேட்டேன். நீ இருமினபோது அந்தக் குரலும் நின்று, நீ சரியான பிறகு தொடர்ந்ததாம். உனக்காகக் காத்திருக்கிற டிவியை எந்தக் கடையில் வாங்கினாய்?

ஒரே ஒரு சொல் எழுது. அங்கே இருக்கிறாளா, இல்லையா?

ரெமிஜியஸ்

குடவாசல்
18 நவம்பர் 2024

என் தம்பிக்கு,

இருக்கிறாள்.

நீ முதல் கடிதம் எழுதும் முன்பே வந்துவிட்டாள். மழையில் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றாள். "அண்ணி, உள்ளே வரலாமா?" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. துண்டைக் கொடுத்தேன், ரசம் வைத்தேன். உன்னிடம் பொய் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன், இப்போது உன்னிடமும் சொல்கிறேன்.

இங்கே கதவுக் கொண்டி சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறாள். முனைக் கடைக்குப் போக என்னிடம் அனுமதி கேட்கிறாள். "அண்ணி, பத்து நிமிஷத்துல வந்துடுவேன், போயிட்டு வரட்டுமா?" முப்பது வயதுப் பெண், லேபில் நாலு பேருக்கு வேலை சொன்னவள். முதல் தடவை கேட்டபோது அடுப்படிக்குள் போய் அழுதேன் தம்பி. என் தம்பியா இப்படிச் செய்தான் என்று அழுதேன். அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பூண்டி மாதா கோயில் வரைக்கும் நடந்தவள் நான்.

உன் கடிதம் ஒவ்வொன்றையும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் உன்னை வெறுக்கவில்லை. இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள். "அவரு மாறிட்டாருன்னு தெரிஞ்சா போயிடுவேன் அண்ணி" என்கிறாள். ஒவ்வொரு கடிதத்தையும் முழுக்கப் படித்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிய நாளாயிற்று.

நீ என் முழங்காலை விசாரித்தாய். கன்றுக்குட்டியின் வயிற்றை விசாரித்தாய். தலைமை சிஸ்டரைக்கூட விட்டுவைக்கவில்லை. சான்ட்ரா எப்படி இருக்கிறாள் என்று ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை.

அதைக் கேட்டு எழுதுடா. அவள் முன்னால் நானே படித்துக்காட்டுகிறேன். பிறகு வருவதும் வராததும் அவள் இஷ்டம். ஆனால் நீ அப்படி எழுதினால், உன் பக்கம் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரும்.

எப்போதும் உன் அக்கா,
விண்ணரசி

ராயபுரம்
25 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். நீ சொன்னது சரி. நான் கேட்டிருக்க வேண்டும். இதோ கேட்கிறேன். சான்ட்ரா எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? தூங்குகிறாளா? இதை அவளிடம் அப்படியே படித்துக்காட்டு. நான் பூட்டையும் தூக்கி எறிந்துவிட்டேன் என்று சொல்லு. வக்கீலிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி வருவது உனக்கு மட்டும், அவளிடம் படிக்க வேண்டாம். மழையில் நனைந்து வந்தாள் என்று எழுதியிருக்கிறாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து தனியாகவா வந்தாள்? வாசல் வரைக்கும் யாரும் கொண்டுவந்து விடவில்லையே? முனைக் கடை என்றாயே, அது யாருடைய கடை, பையன்கள் நிற்கிற இடமா? பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போகிறவள் பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறாளா? ஒரு நாலு நாள் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்து எனக்கு எழுது அக்கா.

உன் அன்புத் தம்பி,
ரெமிஜியஸ்