மூக்கு லாரியின் இடது கதவு

இன்று விஷ்ராந்த்வாடியில் ஒரு பழைய அடுக்குமாடி சொசைட்டி கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். அடியில் கிடந்த பெயிண்ட் கருகி, மூக்கில் ஏறும் அந்தப் பழைய வாசனை வந்தது. உன்னை நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. நீ போய்ச்சேர்ந்து இரண்டு மாதமாகிறது. கேட்க ஆள் இல்லை என்பதில்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது.

அந்த வாசனையோடு நினைவுக்கு வந்தது போபோடி ஷெட்டில் நாம் இருவரும் வேலை பார்த்த மூக்கு லாரி, முன்னால் எஞ்சின் நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல், லாரி முதலாளி சேட்டுடையது. அவருடைய அப்பா முதன்முதலில் வாங்கிய வண்டி, மரத்தடியில் கிடந்து மழையில் இற்றுப்போயிருந்தது. மட்கார்டு, தரை, கதவு தொங்கும் பில்லர், எதைத் தொட்டாலும் துரு உதிரும். துருப்பிடித்ததை வெட்டி எறிந்து, புதுத் தகட்டை அதே வளைவுக்கு அடித்து, ஒவ்வொன்றாக வைத்து வெல்டு செய்தோம். வண்டி பழைய வாகன ஊர்வலத்தில் போய் நின்றால், தன் லாரிகளின் பாடி வேலை முழுவதையும் நமக்கே தருவதாகச் சேட் சொல்லியிருந்தார். யார்டுக்குப் பின்னால் ஷெட் போட இடமும் தருவதாகச் சொன்னார். போர்டில் யார் பெயர் முதலில் என்று சண்டை போட்டோம். உன் பெயரே இருக்கட்டும் என்று நான்தான் விட்டுக்கொடுத்தேன்.

நீ போபோடியிலேயே பிறந்தவன். நான் ராணிப்பேட்டையிலிருந்து பையோடு வந்து இறங்கியவன். கடையிலும் சேட்டிடமும் எனக்கு நீதான் வாய். ஒருமுறை சேட் என்னைக் காட்டி, இவன் என்ன ஊமையா என்று மராத்தியில் கேட்டார். ‘உன் வேலைய ரொம்ப மெச்சிக்கிறாருடா’ என்று நீ எனக்குச் சொன்னாய். அதற்குள் எனக்கு மராத்தி புரியத் தொடங்கியிருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. எனக்காக நீ சொல்லும் பொய்களைக் கேட்க அவ்வளவு பிடித்திருந்தது.

பில்லர் வேலையில் நமக்கு ஒரே சட்டம்தான். ‘மொதல்ல கதவு மூடணும், அப்புறந்தான் நெருப்பு’ என்பாய். கதவைத் தொங்கவிட்டுப் பார்த்து, அங்கங்கே ஒரு பொட்டு வெல்டு மட்டும் வைத்து, மறுபடி மூடிப் பார்த்துத்தான் முழு வெல்டிங். இல்லாவிட்டால் சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளும். அன்று புதன்கிழமை. கீலுக்கு ஊசி கடைந்து வாங்க நான் லேத்துக்குப் போயிருந்தேன். ஊசி இல்லாமல் கதவைத் தொங்கவிட முடியாது என்பது உனக்குத் தெரியும். வியாழக்கிழமை கரண்ட் இருக்காது என்ற அவசரத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் பில்லரை வெல்டு செய்துவிட்டாய். நான் வந்து இடது கதவை மாட்டினால் கீழே கட்டைவிரல் நுழையும் இடைவெளி. ‘நாளைக்கு லைட் இருக்காதேன்னு பண்ணிட்டேன்டா’ என்றாய். எனக்குக் கோபம் வரவில்லை. வெட்டி மாற்றிவிடலாம் என்றுதான் சொன்னேன்.

மறுநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் சேட் வந்து நின்றார். கதவை இரண்டு தடவை சாத்திப் பார்த்தார். முகம் மாறியது. யார் செய்தது என்று கேட்டார்.

‘யான கேலம் சேட், மீ நவ்தோ’ என்றாய். இவன் செய்தது, நான் இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, ‘ஒண்ணும் சொல்லல, கதவ மட்டும் சரி பண்ணச் சொல்றாரு’ என்றாய். சிரித்துக்கொண்டு வேறு சொன்னாய்.

பில்லரை நானே அறுத்தெடுத்தேன். கதவைத் தொங்கவிட்டுப் பொறுமையாகப் புதிதாக வைத்தேன். வண்டி ஊர்வலத்துக்குப் போனது. ஷெட்டும் கிடைத்தது, போர்டில் உன் பெயர் மட்டும். ஒருவர் பெயரில்தான் சேட் இடம் தருவாராம், நான் கூலிக்கு வரலாமாம் என்றாய். நான் கேட், கிரில் என்று போய்விட்டேன். பிறகும் ஆடி மாதம் போபோடி கோயிலில் பார்த்தால் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பிழைப்பு போய்விடுமோ என்ற பயம், வாயில் வந்துவிட்டது என்று உனக்காக நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அத்தனை வருஷமும் அந்தச் சமாதானத்தில்தான் உன்னோடு பேசினேன்.

உன் காரியத்தன்று உன் மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிரியமாகத்தான் கேட்டான். ‘அங்கிள், அந்த மூக்கு லாரி பில்லர நீங்கதான கெடுத்தீங்க? பப்பா சிரிச்சி சிரிச்சி சொல்வாரு. அவர்தான் வெட்டி மாத்தி உங்களக் காப்பாத்துனாராமே.’

அங்கே சேட் இல்லை. உன் வீடு, உன் பிள்ளை, நம் பாஷை. அங்கே யாருக்கடா பயந்தாய்? சேட்டிடம் சொன்னது ஒரு நிமிஷத்துப் பொய். இதை நீ உட்கார்ந்து யோசித்து, நான் செய்த வேலையையும் உன் பெயரில் சேர்த்து, சோறு பரிமாறும் நேரத்தில் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறாய். என்னோடு கோயிலில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாய்.

மாலை போட்ட படத்துக்கு முன்னால் அப்பனை இழந்த பிள்ளையிடம் என்ன சொல்ல முடியும்? ‘ஆமாம்பா, உங்க அப்பாதான் காப்பாத்துனாரு’ என்றேன். அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்தப் பில்லரை யார் கெடுத்தது, யார் மாற்றியது என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். இப்போது நான் ஒருவன். நானும் உன் பக்கம் சாட்சி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.